தண்ணி வருது, அக்கா

இதைச் சொல்லி முடிக்கும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கணவரே அப்படித்தான் பார்த்தார். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன். ஜேர்மனியில், எசன் நகரில் நாங்கள் வளர்ந்த காலத்தில், யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் ஒரு மூலையில் கூடிவிடுவார்கள். கிணற்றடியில் யார் யாரைக் கண்டது, செத்துப்போனவர் யாருடைய கனவில் வந்து என்ன கேட்டார் என்று கதை நீளும். நான் எழும்பிப்போய்க் குசினியில் கோப்பை கழுவுவேன். பயத்தில் இல்லை, அலுப்பில். பிறகு படித்ததும் விமானம் திருத்துகிற வேலை. ஒரு திருகாணி இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுச் சொல்லக்கூடாது, அளந்துதான் சொல்லவேண்டும் என்று பழக்கிய இடம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. இலங்கைக்குக் கதைக்க டெலிபோன் கார்ட் வாங்கிச் சுரண்டிய காலம். எனக்கு ஹம்பேர்க்கில் தொழிற்பயிற்சிக்கு, எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்கிற மாதிரி அவுஸ்பில்டுங்குக்கு, இடம் கிடைத்தது. வீட்டை விட்டு முதல் தடவை தனியே போகிறேன். அம்மாவுக்கு நித்திரை இல்லை. கடைசியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் அறை கிடைத்தபோதுதான் ஓரளவு சமாதானம் ஆனார்.

வீட்டுக்காரர் பத்ரிக் விமானத் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளர். பிரான்சிலிருந்து சில வருட ஒப்பந்தத்தில் வந்தவர். மனைவி எலேன். எல்ப ஆற்றுக்குத் தெற்கே, அப்பிள் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் செங்கல் வீடு. இரண்டு பேருடைய ஜேர்மனும் உடைந்த ஜேர்மன்தான். எனக்குப் பிரெஞ்சு சில சொற்கள் மட்டும்.

"அந்த வீட்டில ஆம்பிளைப் பிள்ளையள் இருக்கினமோ?" என்று அம்மா முதல் நாளே கேட்டார்.

"இல்லையம்மா. ஒரு மகள்தான். என்னை விட இளசு. வெளியூரில படிக்கிறாவாம்."

எலேன் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். மகளின் பெயர் மனோன். அவளுடைய அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். நான் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

நல்ல மனிதர்கள். நான் வந்த அடுத்த கிழமையே எலேன் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஆட்களின் கடையைத் தேடிப்போய், கடைக்காரரிடம் விசாரித்து, மிளகாய்த்தூளும் சிவப்பரிசியும் வாங்கி வந்திருந்தார். லீக்ஸ் சூப்புக்குள் நான் மிளகாய்த்தூளைத் தூவும்போது இரண்டு கைகளையும் நாடிக்குக் கொடுத்துக்கொண்டு பார்த்திருப்பார். நான் சாப்பிடுவதைப் பார்ப்பதில் அவருக்கு ஏதோ ஒரு பசி இருந்தது. அப்போது எனக்கு அது அன்பாக மட்டும்தான் பட்டது.

சனிக்கிழமை வந்தால் வீட்டில் யாரும் இருக்கக்கூடாது. அதுதான் அந்த வீட்டுச் சட்டம். காலையிலேயே காரில் ஏறிவிடுவோம். லூபெக், ஷ்வெரின், லூனெபர்க், பிரேமன் என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு ஊர். பத்ரிக் வழிகாட்டிப் புத்தகத்தை விரித்து இந்தக் கோபுரம் எப்போது கட்டினது, இந்த வாசல் ஏன் சரிந்திருக்கிறது என்று வாசிப்பார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியாது. எசனில் எங்கள் சனிக்கிழமைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும். இத்தனை வருடம் ஜேர்மனியில் இருந்தும் எங்கள் வீட்டில் யாரும் ஜேர்மனியைப் பார்த்ததில்லை. அகதி வழக்கு, வேலை, கோயில், மண்டபம், அவ்வளவுதான். "உனக்கென்ன ராசாத்தி, ஊர் சுத்துறாய்" என்று அம்மா டெலிபோனில் சிரிப்பார்.

எலேன் மட்டும் எந்தக் கட்டடத்தையும் பார்ப்பதில்லை என்பது பிந்தித்தான் எனக்குப் பிடிபட்டது. இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடமாகப் பார்த்து ஒரு வாங்கில் உட்காருவார். வருகிற போகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கோப்பி ஆறிப்போகும். லூபெக்கில் ஒருநாள் திடீரென்று எழும்பி ஓடினார். நீல முதுகுப்பை போட்ட ஒரு பெண் பிள்ளையின் தோளைப் போய்த் தொட்டார். அந்தப் பிள்ளை திரும்பியது. எலேன் ஏதோ மன்னிப்புச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். பத்ரிக் மூன்று ஐஸ்கிரீமைக் கையில் பிடித்தபடி நின்றார். அது உருகி அவர் மணிக்கட்டில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

எலேன் முகம் கழுவப் போன நேரத்தில் அவர் என்னிடம் சொன்னார்.

"சுகி, மனோன் படிக்கப் போகேல்லை. சிநேகிதியைப் பாக்கப் போறன் எண்டு ஒரு சனிக்கிழமை ரயில் ஏறினவள். சிநேகிதி வீட்டுக்கு அவள் போகவே இல்லை. எந்த ஊரில இறங்கினாள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பொலிசும் தேடிக் களைச்சுப்போச்சு."

நான் எலேன் போன பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எந்த ஊர் எண்டு தெரியாததால எல்லா ஊருக்கும் போறம். சனிக்கிழமையில எலேனுக்கு வீட்டுக்குள்ள இருக்க ஏலாது."

வழிகாட்டிப் புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது. அந்தப் புத்தகத்தை அவர் எலேனுக்காக வாசிக்கவில்லை, எனக்காகவும் வாசிக்கவில்லை, தன் காதுக்கு ஏதாவது சத்தம் வேண்டும் என்று வாசித்திருக்கிறார்.

அன்றைக்கு அம்மாவிடம் இதைச் சொன்னேன். உடனே எசனுக்கு வா என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தப் பிள்ளையின் வயதைக் கேட்டார். பிறகு, "எங்கட ஊரில எத்தினை தாய்மார் இப்பிடிக் காணாமப்போன பிள்ளையின்ர படத்தோட திரியினம். அந்த மனிசியை விட்டிட்டு வந்திடாதை பிள்ளை" என்றார். நான் இருந்தேன்.

அடுத்த வசந்தத்தில் பத்ரிக்கின் ஒப்பந்தம் முடியப்போவதாகத் தெரியவந்தது. கோடையோடு பிரான்சுக்குத் திரும்பவேண்டும். எலேன் வரமாட்டேன் என்றுவிட்டார். "அவள் வந்து மணி அடிச்சா ஆர் திறக்கிறது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் பாணைப் பிய்த்துக்கொண்டு இருப்போம். அந்த வீட்டில் அப்போது கதவு திறக்கிற சத்தம்கூடப் பாரமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பத்ரிக், இந்தச் சனிக்கிழமை ஊர் ஒன்றும் வேண்டாம், கடலுக்குப் போவோம் என்றார். குக்ஸ்ஹாபன் பக்கம். அங்கே கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுத் தரை வெளியே வந்துவிடும். வாட் என்பார்கள். வழிகாட்டியோடு அதற்கு மேலே நடக்கலாம். பிறகு பெருக்கு வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கே முகங்கள் இல்லை, தெருச்சந்தி இல்லை. எலேனின் கண்ணுக்கு ஒருநாளாவது ஓய்வு கொடுக்கலாம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிந்தி இறங்கினோம். சின்னக் கூட்டம். வழிகாட்டி ஒரு இளம் பெண், கழுத்தில் ஊதுகுழல் தொங்கியது. பாதையைக் காட்டச் சேற்றில் சுள்ளிக்கட்டுகள் நட்டு வைத்திருந்தார்கள். "இந்தச் சுள்ளிகளை விட்டு விலகாதேயுங்கோ, ஊதினா உடனே திரும்புங்கோ" என்று அவர் எல்லாருக்கும் சொன்னார். நல்ல வெயில். சேறு காலுக்குக் குளிராக இருந்தது. எலேன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நடந்தார். நான் அவரை அப்படிக் கண்டதில்லை. பத்ரிக் முன்னால் போய் வழிகாட்டியோடு கதைத்துக்கொண்டிருந்தார். நானும் எலேனும் கடைசி.

மூடுபனி வந்தது. எப்படி வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் தூரத்துக் கப்பல்கள் இல்லை. பிறகு எதிரே தெரிந்த சின்னத் தீவு இல்லை. பிறகு முன்னால் போன ஆட்களின் முதுகுகள் இல்லை. ஊதுகுழல் சத்தம் கேட்டது, திரும்பச் சொல்கிறார்கள். நான் எலேனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சுள்ளிக்கட்டைத் தேடினேன்.

அப்போதுதான் கேட்டது.

"அக்கா."

நம்பினால் நம்புங்கள். தூரத்தில் இருந்து கத்துகிற சத்தம் இல்லை, பக்கத்து அறையில் நின்று கூப்பிடுகிற மாதிரி. இளம் பெண் குரல். தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி ஒரு கரகரப்பு. கடல் பக்கமிருந்து வந்தது.

"அக்கா, திரும்பிப் போங்கோ. தண்ணி வருது."

எங்கள் தமிழ். நானும் நீங்களும் கதைக்கிற மாதிரி. நான் பயப்படவே இல்லை, அதைத்தான் உங்களுக்கு விளங்கப்படுத்த முடியாமல் இருக்கிறது. எங்கள் ஆட்கள் ஆரோ குடும்பத்தோடு வந்திருக்கினம் என்றுதான் நினைத்தேன். திரும்பி, "ஓம், வாறம், நீங்கள் எங்க நிக்கிறியள்?" என்று கேட்டும் விட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிரத் தமிழர் ஒருவரும் இல்லை என்பது உறைத்தது.

அதே நொடியில் எலேன் என் கையை உதறினார். அவர் முகம் திறந்துபோய் இருந்தது. பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என்னுடைய சொற்பப் பிரெஞ்சுக்கே அது விளங்கியது. வாறன் செல்லம், வாறன் என்றார். குரல் வந்த பக்கம் நடந்தார். ஓடினார்.

நான் பின்னால் ஓடினேன். சுள்ளிக்கட்டு எங்கே போனது என்று தெரியாது. கால் திடீரென்று தண்ணீருக்குள் போனது. சேற்று வெளியில் வாய்க்கால் மாதிரிப் பள்ளங்கள் ஓடும், பெருக்கு முதலில் அவற்றுக்குள்தான் வரும். தண்ணீர் சத்தமில்லாமல் வேகமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. எலேன் முழங்காலுக்கு மேல் இறங்கிவிட்டார். இடுப்பில் கட்டிப் பிடித்தேன். மெல்லிய மனிசி, ஆனால் அந்த நேரம் அவரை என்னால் அசைக்க முடியவில்லை.

"விடு! கூப்பிடுறாள்! கேக்கேல்லையா உனக்கு? கூப்பிடுறாள்!"

மறுபடியும் அந்தக் குரல். இந்தமுறை எங்களுக்கு நேர் முன்னால். "தண்ணி வருது, அக்கா." அவ்வளவு பக்கத்தில் கேட்டது, நான் கையை நீட்டினேன் என்றுகூட நினைக்கிறேன். பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் கத்தியதைக் கேட்டுத்தான் வழிகாட்டியும் பத்ரிக்கும் வந்தார்கள். மூன்று பேருமாக எலேனை இழுத்து எடுத்தோம். கரைக்கு வரும்வரை அவர் பின்னால் திரும்பித் திரும்பி மகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கடல் பக்கமிருந்து பிறகு ஒரு பதிலும் இல்லை.

அணைக்கட்டுக்குப் பின்னால் இருந்த தேநீர்க் கடையில் போர்வை கொடுத்தார்கள். பத்ரிக் என்னைத் தனியே வாசலுக்குக் கூப்பிட்டார். அவருடைய உதடுகள் நீலமாக இருந்தன.

"நீ கத்தினது எனக்குத் தெளிவாக் கேட்டது. எலேன் கத்தினதும் கேட்டது. வேற ஒரு சத்தமும் இல்லை, சுகி. அவ உன்னட்டைக் கேப்பா. நீ ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லு. தயவு செய்து."

நான் தலையாட்டினேன். சொல்வோம் என்றுதான் உள்ளே போனேன். ஆனால் எலேன் கேள்வியாக ஒன்றும் கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்து, "நீயும் கேட்டனி. நீ அந்தப் பக்கம் திரும்பினனி. மறுமொழியும் சொன்னனி. நான் பாத்தனான்" என்றார்.

மகள் போன நாளிலிருந்து அந்தப் பெண்ணை எல்லாரும் பொய்யால்தான் தடவிக்கொடுத்திருக்கிறார்கள். வருவாள், எங்காவது இருப்பாள், காலம் ஆற்றும். எனக்கு முடியவில்லை. "ஓம், கேட்டது" என்றேன்.

"என்ன சொன்னாள்?"

"திரும்பிப் போகச் சொன்னா. தண்ணி வருகுதாம்."

எலேன் என் கைகளை விட்டார். "எனக்கு அப்பிடிச் சொல்லேல்லை" என்றார் மெதுவாக. "அம்மா, வாங்கோ, வாங்கோ எண்டுதான் சொன்னவள். உன்னைப் போகச் சொல்லியிருக்கிறாள். என்னை வரச் சொல்லியிருக்கிறாள்." பிறகு சிரித்தார். அந்த வீட்டில் நான் இருந்த காலம் முழுவதிலும் அவர் மனம் விட்டுச் சிரித்தது அந்த ஒருமுறைதான். பத்ரிக் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பத்ரிக் பொலிசுக்கும் சொன்னார். பனிக்குள் கேட்ட ஒரு குரலை வைத்து அவர்கள் என்ன செய்வது? கரையோரமாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். மனோனுடைய ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைப் பயணங்கள் இல்லை. எலேன் குசினி மேசையில் உட்கார்ந்திருப்பார். நான் வேலையால் வந்ததும், "அவள் சொன்னதை ஒருக்கால் சொல்லு" என்பார். நான் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். பிரெஞ்சு நாக்குக்கு 'ண்ணி' வராது, 'போங்கோ' கோணலாக வரும். மகளுடைய கடைசிச் சொல்லை வாயில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிற தாயிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிழையாகச் சொல்லிச் சொல்லியே கோடை வந்தது. அவர் பிரான்சுக்குப் போக மறுக்கவில்லை. பெட்டி கட்டும்போது பார்த்துக்கொண்டிருந்தார். இனி மணி அடிக்க யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரியப்படுத்தியது நான். சாவித் துவாரத்தில் இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் அடைத்த மாதிரித்தான் எனக்கு இருந்தது.

நான் பயிற்சி முடித்து எசனுக்குத் திரும்பினேன். கல்யாணம் நடந்தது. இவரிடம் ஒருநாள் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பயத்தில மூளை செய்யிற வேலை சுகி. அவவுக்குத் தன்ர பாஷையில கேட்டிருக்கு, உமக்கு உம்மட பாஷையில கேட்டிருக்கு" என்றார். சரியான விளக்கம்தான். நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி. அந்த வயதுவரை என்னை ஒருவரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. என் மூளை என்னைக் கூப்பிட்டிருந்தால் சுகி என்றல்லவா கூப்பிட்டிருக்கும்?

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை யாருக்கும் சொல்லாமலே இருந்திருப்பேன்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம், நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நிற்கும்போது பத்ரிக் டெலிபோன் எடுத்தார். குரல் கிழடாகியிருந்தது. எலேனைப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் விட்டிருக்கிறார்களாம். கடலே இல்லாத ஊர். யாரோடும் பேசுவதில்லையாம், பிரெஞ்சே மறந்துவிட்ட மாதிரியாம். ஆனால் மத்தியானங்களில் எதையோ திருப்பித் திருப்பிச் சொல்கிறாராம். தாதிகளுக்கு விளங்கவில்லை.

"உன்ர பாஷை எண்டு நினைக்கிறன். நீ படிப்பிச்ச அந்த வசனமா இருக்கும். அவவுக்குப் பக்கத்திலதான் நிக்கிறன். ஒருக்கால் கேட்டுச் சொல்லு."

நான் அடுப்பை அணைத்தேன். டெலிபோனில் ஒரு மூச்சு கேட்டது. வெளியே தெருவில் ட்ராம் போனது.

"அக்கா," என்றது. "இன்னும் ஏன் அங்கையே நிக்கிறியள்?"

அந்த வசனத்தை நான் எலேனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. 'ங்கை'யும் 'றியள்'ளும் யாழ்ப்பாணத்தில் பிறந்த வாய் மாதிரிச் சுத்தமாக வந்தன. அது எலேனின் குரலும் இல்லை. இளம் குரல், தடிமன் பிடித்த கரகரப்போடு.

"அதுதானே?" என்று பத்ரிக் கேட்டார். "அந்த வசனம்தானே?"

ஓம் என்றேனா, இல்லை என்றேனா, இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை. நான் எடுத்தபோது அந்த இலக்கம் பாவனையில் இல்லை.

டெலிபோனை வைத்துவிட்டுக் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். குசினித் தரை காய்ந்துதான் இருந்தது. எசனில் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எல்லாருக்கும் நான் இப்போது அக்காதான். யாராவது பின்னாலிருந்து அப்படிக் கூப்பிட்டால், ஆர் என்று திரும்புவதற்கு முதல், நான் தரையைத்தான் பார்க்கிறேன்.